எண் 17: இடது கால்

ஜனவரி 9, திங்கள்

தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து விமான நிலையத்துக்குத் தாமதமாகப் போனேன். நல்லவேளை, ஹைக்கே தீமரும் தாமதம். சுங்கத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு பெட்டியில் துணி, மூன்று பெட்டியில் வெள்ளை மாவு. அதிகாரி என்னைப் பார்த்து, "இது இன்னா பவுடர்னு இந்தம்மாவ ஒழுங்கா சொல்லச் சொல்லுங்க" என்றார். "மாவுக்கட்டு போடற மாவு சார். கை ஒடிஞ்சா போடுவாங்களே, அது" என்றேன். "யாருக்குக் கை ஒடிஞ்சிருக்கு?" என்று கேட்டார். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஹைக்கே வாய்விட்டுச் சிரித்தார். ஐம்பத்தைந்து வயது, ஒட்ட வெட்டிய நரைமுடி, ஆண்கள் போடுகிற பூட்ஸ். பார்த்த பத்து நிமிஷத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கிழக்கு ஜெர்மனியில் ஒரு செருப்புத் தொழிற்சாலை ஊரில் பிறந்தவர். அம்மா அங்கே பசை ஒட்டும் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தாராம். சுவர் விழுந்த கையோடு தொழிற்சாலையை மூடினார்கள். கலைக் கல்லூரியில் சேர்ந்ததும் ஹைக்கே செய்த முதல் காரியம் அம்மாவின் கைகளை மாவில் அச்செடுத்தது. அன்றிலிருந்து அதே வழி. இறைச்சிக் கூடத்தில் வெட்டுகிறவர்களின் மணிக்கட்டு, பண்ணைகளில் மண்டியிட்டு வேலை செய்யும் ருமேனியப் பெண்களின் முழங்கால், முதியோர் இல்லத்தில் நோயாளிகளைத் தூக்குகிறவர்களின் முதுகு. உடம்பில் எந்த இடத்தை வேலை தின்கிறதோ அந்த இடம். முகத்தை எடுப்பதில்லை. பெயர் போடுவதில்லை, எண் மட்டும்.

"முகத்தைக் காட்டினால் பார்க்கிறவர்கள் பரிதாபப்பட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள். முகம் காட்டியவருக்கோ மறுநாள் வேலை இருக்காது" என்றார் டாக்ஸியில். முப்பது வருஷத்தில் தன்னால் ஒருவருக்கும் வேலை போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

இந்த முறை கால்கள். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே எங்கள் ஊரில், தோல் பதனிடும் கம்பெனியில் ஈரத்தில் நிற்கிறவர்களின் கால்கள். ஜெர்மன் கடைகளில் விற்கும் செருப்புக்கு அங்கிருந்துதான் தோல் போகிறது. மூன்று வாரத்துக்கு நான் மொழிபெயர்ப்பாளர்.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பத்து வருஷமாக மற்றவர்களை ஜெர்மனிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நர்சுகள், எஞ்சினியர்கள், புதிதாகக் கல்யாணமான பெண்கள். என்னிடம் படித்த முந்நூறு பேராவது அங்கே இருப்பார்கள். நான் மட்டும் வில்லிவாக்கத்தில் உட்கார்ந்து 'இது மேசை, அது நாற்காலி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தாறு வயதாகிறது.

ஜனவரி 12, வியாழன்

சித்தப்பா வீட்டில் தங்கியிருக்கிறோம். அவர்தான் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் இல்லாவிட்டால் எங்களை கேட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். சுகாதாரம் பற்றிப் படிக்கிற வெளிநாட்டு அம்மா என்று மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தார். "பாப்பா, போட்டோ மட்டும் வாணாம்னு சொல்லிடு. மத்தபடி சுத்திப் பாக்கட்டும்" என்றார்.

தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளின் ஓரம் தரை எப்போதும் ஈரம். செருப்புப் போட்டால் வழுக்கும் என்று எல்லோரும் வாசலிலேயே கழற்றிவிடுகிறார்கள். தோலில் சுரண்டியெடுத்த ஜவ்வைப் பெண்கள் வாரிக் கொட்டுகிறார்கள். நாற்றம் தாங்க முடியவில்லை. ஹைக்கே மூக்கைக்கூடப் பொத்தவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றார். தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பாவின் அறை தாழ்வாக இருக்கிறது. ஜன்னல் வெளித்தரை மட்டத்தில். நாற்காலியில் உட்கார்ந்தால் போகிறவர்கள் வருகிறவர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் ரிஜிஸ்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஏ ஒட்டுவிரலு, குழாய மூடு!" என்று கத்தினார். ஒரு ஜோடிக் கால் திரும்பிப் போய்க் குழாயை மூடியது.

"என்ன சொல்கிறார்?" என்று ஹைக்கே கேட்டார்.

"தண்ணீரை மூடச் சொல்கிறார்" என்றேன். அதுதானே சொன்னார்.

ஜனவரி 16, திங்கள். மாட்டுப் பொங்கல்

கம்பெனிக்கு விடுமுறை. கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் காலனியில், மாதா கோயிலுக்குப் பின்னால் ட்யூஷன் நடத்துகிற கொட்டகையைக் கேட்டு வாங்கியிருந்தேன். காலை எட்டு மணியிலிருந்து பதினேழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார, ஹைக்கே தரையில் உட்கார்ந்து காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, எண்ணெய் தடவி, மாவுத்துணி சுற்றினார். ஒரு வெள்ளைக்காரி தங்கள் காலைத் தொடுவதா என்று முதலில் எல்லோரும் கூசினார்கள். ஒரு பெரியவர், "வாணாம்மா, பாவம் வந்து சேரும்" என்று காலை இழுத்துக்கொண்டார். ஹைக்கே விடவில்லை. பிறகு ஒரே சிரிப்பும் கேலியுமாகப் போனது.

ஆரம்பிப்பதற்கு முன் ஹைக்கே என்னைத் தனியே அழைத்து, "யாருக்காவது சின்னச் சந்தேகம் இருந்தாலும் எடுக்கமாட்டேன். அவர்கள் கேட்கிற எதையும் ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொல்லுங்கள்" என்றார். சரி என்றேன்.

கடைசியில் வந்தவர் பூங்காவனம் அக்கா. நாற்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை, மகளைத் திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். பொங்கலுக்குக் கட்டிய புதுச் சேலையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குதிகாலில் காசு நுழைகிற அளவுக்கு வெடிப்பு. விரலிடுக்குகளில் சுண்ணாம்பு அரித்து, சிவந்து, குழிவிழுந்த புண். இடது காலில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் நகம் வரை ஒட்டியே பிறந்தவை. அந்த ஒட்டின விரலைச் சுற்றித்தான் புண் அதிகம். ஹைக்கே அந்தக் காலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "இந்த ஒரு காலுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் போலிருக்கிறது" என்றார்.

"பேரு வாணாம், மூஞ்சி வாணாம்னு சொன்னீங்களாமே, அதாலதான் வந்தேன் டீச்சர்" என்றார் பூங்காவனம் அக்கா. "இருவத்திரெண்டு வருசமா ஒரே கம்பெனி. இந்த வேல பூட்ச்சின்னா இந்தப் பக்கம் ஒரு கம்பெனியிலயும் என்ன சேத்துக்க மாட்டாங்க. ஒருத்தங்கிட்ட இன்னொருத்தன் சொல்லிடுவான்."

இதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். ஹைக்கே நெஞ்சில் கை வைத்து, யாருக்கும் தெரியாது என்று உறுதி சொன்னார். அதையும் தமிழில் சொன்னேன். பூங்காவனம் அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டார். நான் பதில் சொன்னேன்.

"என்ன கேட்டார்?" என்றார் ஹைக்கே.

மாவு சூடாகுமா என்று கேட்டதாகச் சொன்னேன். ஹைக்கே சிரித்து, "சூடாகும், ஆனால் சுடாது என்று சொல்லுங்கள்" என்றார்.

ஜனவரி 17, செவ்வாய்

நகத்துக்குள் போன மாவு எத்தனை கழுவினாலும் வரவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

ஹைக்கே கிளம்பிவிட்டார். முப்பத்துநான்கு அச்சுகளும் பஞ்சில் சுற்றிப் போயாயிற்று. விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, "செப்டம்பரில் லைப்சிக்கில் கண்காட்சி. நீங்கள் இல்லாமல் திறக்கமாட்டேன். அழைப்புக் கடிதம் அனுப்புகிறேன். அதன்பிறகு ஆறு மாதம் என் பட்டறையில் இருங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகத் துவைக்காத துணியை எல்லாம் துவைத்தேன். பாட்டுப் பாடிக்கொண்டே துவைத்தேன் என்று மாடிவீட்டு அம்மா சொன்னார்.

ஜூலை 18, செவ்வாய்

விசா வந்துவிட்டது! சித்தப்பா குடும்பக் குழுவில் பட்டாசுப் படம் பத்து அனுப்பியிருக்கிறார்.

செப்டம்பர் 9, சனி

நேற்றுத் திறப்பு. பழைய பால் பண்ணைக் கட்டடம் ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பையும் காலுறையையும் கழற்ற வேண்டும். உள்ளே தரை முழுக்கக் கணுக்கால் வரை நீலத் தண்ணீர், நல்ல குளிர்ச்சி. அதில் வெறுங்காலோடு நடந்து போனால் இடுப்புயரப் பீடங்களில் வெள்ளைக் கால்கள். பதினேழு பேர், முப்பத்துநான்கு கால்கள். படைப்பின் பெயர் 'ஈரத்தரை'. அமைச்சர் ஒருவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார். ஒரு கிழவர் நடுவில் நின்று அழுதார்.

எண் 17 நடுவில் இருந்தது, தனி விளக்கோடு. வந்தவர்களில் பாதிப் பேர் அதன் முன்னால்தான் நின்றார்கள்.

ஹைக்கே தன் பேச்சில் என்னை மேடைக்கு அழைத்து, "இவர் இல்லாமல் எனக்கு ஒரு காலும் கிடைத்திருக்காது. இவர்தான் என் நாக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வாழ்க்கையில் யாரும் எனக்காக அப்படிக் கைதட்டியதில்லை. பட்டுச்சேலையோடு தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். ஒரு ஸ்வீடன்காரப் பெண் எடுத்துக்கொடுத்தாள், நன்றாக வந்திருக்கிறது.

குடும்பக் குழுவில் ஒரே வாழ்த்து. சித்தி, "சேல நல்லாருக்கு, கொஞ்சம் எளச்சிட்ட" என்று எழுதியிருக்கிறார்.

செப்டம்பர் 22, வெள்ளி

'ஈரத்தரை'க்கு விருது அறிவித்துவிட்டார்கள். ஒரு பெரிய பத்திரிகை நான்கு பக்கம் போட்டிருக்கிறது. எண் 17 முழுப்பக்கப் படம். ஹைக்கே விருதுக்குச் சந்தோஷப்படவில்லை. "என் அம்மாவின் கையை வைத்து வாங்கிய பேர், இப்போது இந்தப் பெண்ணின் காலை வைத்து வாங்குகிறேன்" என்றார். பிறகு இருவரும் உருளைக்கிழங்கு உரித்தோம். ரசம் வைத்துக்கொடுத்தேன். மிளகு அதிகம் என்று கண்ணில் தண்ணீரோடு இரண்டு கிண்ணம் குடித்தார்.

அக்டோபர் 24, செவ்வாய்

காலையில் பூங்காவனம் அக்கா ஃபோன் செய்தார். என் நம்பரை ஜனவரியில் கொடுத்திருந்தேன். இதுவரை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

"நேத்து ஆயுத பூஜ டீச்சர். நல்ல சேல கட்டிக்கினு போனேன். மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, எல்லாருக்கும் பொரியும் பழமும் குடுத்துக்கினு வந்தாங்க. என் முறை வந்தப்போ, நீ நில்லுன்னு சொல்லிட்டாங்க. மேனேஜர் ரூமுக்கு வரச் சொன்னாங்க. ஒரு ஃபோன காட்டி, இது யாரு காலுன்னு கேட்டாரு. எனக்கு இன்னா சாமி தெரியும்னேன். பூஜ நாளாச்சேன்னு அன்னிக்கிப் பாத்து செருப்பு போட்டுக்கினு போயிருந்தேன். கழட்டச் சொன்னாரு."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கழட்டினேன். அவரு ஃபோனப் பாத்தாரு, காலப் பாத்தாரு. நாளைல இருந்து வராதேன்னுட்டாரு. இருவத்திரெண்டு வருசம் டீச்சர். பொரி கூட குடுக்கல."

மற்ற பதினாறு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் காலில் அடையாளம் இல்லை.

யாரோ படத்தை அங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

அக்டோபர் 26, வியாழன்

இரண்டு நாள் தள்ளிப்போட்டு இன்று ஹைக்கேயிடம் சொன்னேன். கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "காலை வைத்தா? காலை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒட்டுவிரல் என்றால் என்ன என்று இப்போது சொன்னேன். அந்தக் கம்பெனியில் அவர் பெயரே அதுதான் என்று சொன்னேன்.

"உங்களுக்கு எப்போது தெரியும்?"

"இப்போதுதான் சொன்னார்கள்" என்றேன்.

"படம் எப்படி அங்கே போனது?"

"பத்திரிகையில் வந்த படமாக இருக்கலாம்" என்றேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன். பத்திரிகைக்குப் படம் கொடுத்தது ஹைக்கே. முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "முப்பது வருஷமாக முகத்தை மறைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான்" என்றார்.

அவர் சொன்னபடி பூங்காவனம் அக்காவுக்குப் பணம் அனுப்பினேன். வாங்கிக்கொண்டார். "காசு தீந்துடும் டீச்சர். வேலதான் வேணும். அந்தம்மா பெரிய ஆளாமே, ஒரு வார்த்த சொன்னா கேக்க மாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஹைக்கே கலைக்கூடத்துக்குப் போய்த் தன் கையாலேயே எண் 17ஐ எடுத்துப் பெட்டியில் வைத்தார். கூடத்தின் பொறுப்பாளர் நல்ல மனிதர்தான், அவரும் வருத்தப்பட்டார். ஆனால் வெறும் பீடத்தை அப்படியே விட்டு, விளக்கையும் அணைக்காமல், 'இந்தப் பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்' என்று ஒரு வரி ஒட்டலாமா என்று கேட்டார். ஹைக்கே அவரைத் திட்டிவிட்டு வெளியே வந்தார். பீடம் அப்படியேதான் இருக்கிறது. கூட்டம் முன்னைவிட அதிகமாக வருகிறதாம்.

மாலையில் ஹைக்கே அந்தச் செருப்பு நிறுவனத்துக்கு, கம்பெனியில் தோல் வாங்குகிற பெரிய நிறுவனத்துக்கு, நான்கு பக்கக் கடிதம் எழுதினார். பூங்காவனம் அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பத்திரிகைகளுக்குப் போவேன் என்று. எனக்கு மனசுக்குள் ஏதோ இடித்தது. ஆனால் எந்த முகத்தோடு தடுப்பது? கடிதத்தில் ஊர்ப்பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்துக் கொடுத்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

சித்தப்பா பேசினார். குரலே சரியில்லை.

"பாப்பா, நான் பெருமையாத்தாம்மா காட்டினேன். எங்கண்ணன் பொண்ணு ஜெர்மனில மேடையில நிக்குது பாருங்க சார்னு மேனேஜர்கிட்ட குடுத்தேன். அவரு படத்தப் பெருசாக்கிப் பாத்துக்கினே போனாரு. உன் பின்னால இருந்த கால்ல போய் நின்னுட்டாரு. இது நம்ம கம்பெனியப் பத்தினதான்னு கேட்டாரு. இது யாருன்னு கேட்டாரு. நான் அந்த ஜன்னல்ல பதினெட்டு வருசமா அந்தக் கால பாக்கறேன். தெரியாதுன்னு எப்பிடிம்மா சொல்றது? உள்ள வுட்டதே நான்தான்னு என் வேலையும் போயிருக்கும்."

"சொல்லாம இருந்திருக்கலாம் சித்தப்பா" என்றேன்.

"நீ அனுப்பாம இருந்திருக்கலாம்" என்றார்.

ஆமாம். செப்டம்பர் எட்டாம் தேதி சாயங்காலம், பட்டுச்சேலைப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டது நான். பின்னால் எண் 17 தெரிகிறது என்று பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அது இருந்தால்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று புரியும் என்று நினைத்தேன். முதல் பக்கத்திலிருந்து இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இது எங்கேயும் எழுதப்படவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

மூன்று டிகிரி குளிர். கடலை மாவு கிடைத்தது, பஜ்ஜி போட்டேன். எண்ணெய் சரியாகக் காயவில்லை, ஊறிப்போயிற்று.

செருப்பு நிறுவனத்திலிருந்து ஹைக்கேக்குப் பதில் வந்திருக்கிறது. அருமையான கடிதம். மனித உரிமைகளில் தாங்கள் சமரசம் செய்துகொள்வதில்லையாம். விசாரணை முடியும் வரை அந்தக் கம்பெனியிலிருந்து தோல் வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். பூங்காவனம் அக்காவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஹைக்கே அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அதன் பொருள் என்னவென்று அவருக்கும் புரிந்திருந்தது. நான் ஊருக்கு ஃபோன் போட்டேன். இரவு ஷிஃப்டை எடுத்துவிட்டார்கள். காலனியில் வீட்டுக்கு ஒருவர் தீபாவளிக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எங்க தெருவுல யாரும் எங்கூடப் பேசறதில்ல டீச்சர்" என்றார் பூங்காவனம் அக்கா. "குழாயாண்ட போனா கொடத்த எடுத்துக்கினு நவுந்துடறாங்க. கால் குடுத்த மத்தவங்களும் சேந்துதான். ஒன்னாலதான்டீன்னு சொல்றாங்க. அவங்கள இன்னா சொல்றது. அவங்க வூட்லயும் அடுப்பெரியணும்."

அந்த ஜனவரி நாளை எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்று பூங்காவனம் அக்கா கேட்டது மாவைப் பற்றி இல்லை. "டீச்சர், மூஞ்சி வாணாம்னா சரி. கம்பெனில என்ன மூஞ்சிய பாத்தா கூப்புடறாங்க? காலப் பாத்துதானே கூப்புடறாங்க. இத எடுத்தா நான்னு தெரியாதா? இத அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார். "ஜெர்மன்ல யாருக்குக்கா உங்க காலத் தெரியும்? ஒண்ணும் ஆகாது" என்றேன். ஹைக்கேயிடம் சொல்லியிருந்தால் அந்தக் காலை எடுத்திருக்கமாட்டார். பதினாறு பேரோடு முடித்துக்கொண்டிருப்பார். எனக்கு எங்கே அவர் மனசு மாறி மொத்தத்தையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாரோ என்று பயம். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று மூன்று வாரமாகத் தேடுகிறேன், இல்லை.

நவம்பர் 24, வெள்ளி

ஹைக்கே விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்திரிகையாளர்கள் முன்னால் எழுந்து நின்று, தன் அஜாக்கிரதையால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போனது, படத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தது தான், இனி யாருடைய உடம்பையும் தொடப்போவதில்லை என்று சொன்னார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும், எனக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. என் பக்கத்தில் ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன்.

பட்டறைக்குத் திரும்பியதும் முப்பது வருஷத்து அச்சுகளையும் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைத்தார். மணிக்கட்டுகள், முழங்கால்கள், கலைக்கூடத்திலிருந்து திருப்பி எடுத்து வந்திருந்த எங்கள் ஊர்க் கால்கள். அம்மாவின் கைகளைக்கூட விடவில்லை. நான் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசியில் மேசையிலிருந்து ஓர் உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். இங்கே ஒரு மொழிப் பள்ளியில் எனக்கு நிரந்தர வேலைக்குச் சிபாரிசு. "உங்கள்மீது எந்தத் தவறும் இல்லை. மற்றவர்கள் சொன்னதை மட்டும்தான் நீங்கள் சொன்னீர்கள். இதை நீங்களாவது வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 4, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. புது விசாவுக்கு ஊருக்குப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

டிசம்பர் 20, புதன்

காலையில் சித்தப்பா வீட்டில் இறங்கி, பையைப் போட்டுவிட்டு நேரே காலனிக்குப் போனேன். பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். இந்த முறை ஒரு வார்த்தைகூட விடுவதில்லை என்று.

பூங்காவனம் அக்கா பீடி சுற்றிப் பழகிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் ஜவ்வு வாரிய விரல்கள் தடித்துப் போயிருந்தன. இலை கிழிந்துகொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடையில் டீ வாங்கி வரக் கிளம்பினார், வேண்டாமென்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அக்கா, அந்தப் படத்த ஊருக்கு அனுப்பினது பத்திரிகை இல்ல. நான்தான். எங்க குடும்பத்துக்குப் பெருமைக்கு அனுப்பினேன்."

"தெரியும் டீச்சர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மேனேஜர் காட்டினது உங்க சித்தப்பா ஃபோன்தான. படத்துல முன்னால நீங்கதான சிரிச்சிக்கினு நிக்கறீங்க. பட்டுச்சேலையில. நான் மொதல்ல பாத்தது உங்களத்தான், என் கால அப்புறந்தான் பாத்தேன்."

"அதுமட்டுமில்லக்கா. அன்னிக்கி நீங்க கேட்டத நான் அந்தம்மாகிட்ட சொல்லவேயில்ல."

"அதுவும் தெரியும். நான் கேட்டது அவ்ளோ நீளம். நீங்க சொன்னது நாலு வார்த்த. அந்தம்மா சிரிச்சாங்க. நான் கேட்டதுக்கு யாராச்சும் சிரிப்பாங்களா?"

"தெரிஞ்சும் ஏன்க்கா கால் குடுத்தீங்க?"

"நீங்க ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க. படிச்சவங்க, நம்ம ஊரு பொண்ணு. ஏதோ யோசிச்சுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஃபோன்ல ஒரு நாளாவது என்னக் கேட்டிருக்கலாமே? திட்டியிருக்கலாமே?"

"கேட்டா ஃபோன எடுக்காம பூடுவீங்க. அந்தம்மாகிட்ட எனக்காவப் பேசறதுக்கு உங்கள வுட்டா யாரு கீறாங்க?"

அழுதேன். நான் அழுவதற்கு அங்கே என்ன உரிமை இருக்கிறது என்று தெரிந்தும் அழுதேன். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கி, பிறகு தூக்கிய கையைத் தானே இறக்கிக்கொண்டார். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, சேலையைக் கொஞ்சம் தூக்கி இடது காலை என் முன்னால் நீட்டினார்.

எனக்கு அது யாருடைய காலோ என்று இருந்தது. சுண்ணாம்பில் நிற்காத இரண்டு மாதத்தில் குதிகால் வெடிப்பு மூடியிருந்தது. விரலிடுக்கில் புண் இருந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். ஒட்டின விரலைச் சுற்றி ஒரு தழும்புகூடச் சரியாகத் தெரியவில்லை.

"எவ்ளோ நல்லா ஆறிடுச்சுக்கா!" என்றேன். இத்தனை மாதத்தில் எனக்கு வந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

அவர் முகம் வாடிப்போனது. காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அதத்தான் டீச்சர் உங்களக் கேக்கணும்னு இருந்தேன். இப்பிடி இருந்தா அந்தம்மா எடுக்க மாட்டாங்களா?"

"எதக்கா?" என்றேன்.

"எனக்கு வேற வேல யாரும் குடுக்கறதா இல்ல. பீடியும் கைக்கு வரல. அந்தம்மா திரும்ப வந்தா இன்னொரு வாட்டி எடுக்கச் சொல்லுங்க, அதுக்குக் கூலி குடுத்தா போதும். புண்ணுதான் வேணும்னா பத்து நாள் டைம் குடுக்கச் சொல்லுங்க. சுண்ணாம்பு கடையிலயே விக்கிது, தொட்டியில கரச்சு நின்னேன்னா முன்ன மாதிரியே வந்துடும்." என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்த வாட்டி மூஞ்சி வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லுங்க. இனிமே யாரு பாத்தா இன்னா? கேட்டுச் சொல்றீங்களா?"

ஹைக்கே அச்சுகளை உடைத்ததை நான் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் அக்கா என்றேன்.